மிஸ்ஸியின் கையும் நோயாளியின் உயிரும்: வார்டில் கைத்தூய்மை பற்றி ஆய்வுகள் சொல்வது

பூச்சோங் வட்டாரத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அரசாங்க கிளினிக், செர்டாங் மருத்துவமனை, வசதி இருந்தால் தனியார் மருத்துவமனை என்று போகிறார்கள். எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறு புட்டி தொங்குவதைப் பார்க்கலாம். கைத்தூய்மி. கோவிட் காலத்திற்குப் பிறகு கடைவாசல், கோயில்வாசல் எங்கும் அதைப் பார்த்துப் பழகிவிட்டதால் அதுவும் அப்படி ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் வார்டில் அந்தப் புட்டி கட்டிலுக்குக் கட்டில் தொங்குவதற்குப் பின்னால் 170 ஆண்டுகளுக்கும் மேலான வாதமும் ஆய்வும் இருக்கின்றன.

மருத்துவமனையில் ஒரு நோய்க்காகப் படுத்தவருக்கு அங்கேயே வேறொரு தொற்று வந்து சேர்வது அபூர்வமான விஷயமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் ஒவ்வொரு 100 நோயாளிகளில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு தொற்றாவது அங்கே வருகிறது. அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் அதனாலேயே இறக்கிறார். கைத்தூய்மையையும் மற்ற எளிய தடுப்பு முறைகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இத்தொற்றுகளில் 70 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

நம் சமூகத்திற்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நாட்டில் இனிப்பு நீர் அதிகம் உள்ளவர்கள் இந்தியர்கள். காலில் ஆறாத புண், இரத்தச் சுத்திகரிப்பு, விரல் அகற்றும் அறுவை என்று வார்டிலும் டயாலிசிஸ் மையத்திலும் நாள்களைக் கழிப்பவர்களில் நம்மவர்கள் நிறையவே இருக்கிறார்கள். சர்க்கரை கூடிய உடம்பில் கிருமி புகுந்தால் எளிதில் வெளியேறாது.

கிருமி எப்படி வருகிறது? காற்றில் பறந்து வருவதைவிடக் கையில் ஏறி வருவதே அதிகம். தோலில் இரண்டு வகைக் கிருமிகள் உண்டு. ஒரு வகை தோலின் ஆழத்தில் குடியிருப்பவை. அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. மற்றது வழிப்போக்கர் வகை. ஒரு நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு, அடுத்தவரைத் தொட்டால் இறங்கிவிடும். ஆபத்து இந்த வழிப்போக்கர்களால்தான். நல்ல வேளையாக, எளிதில் கழுவிப் போக்கக்கூடியவையும் இவையே.

புண்ணைத் தொட்டால், மலம் சுத்தம் செய்தால் கை அழுக்காகும் என்பது யாருக்கும் தெரியும். நாடி பார்ப்பதாலும் இரத்த அழுத்தம் எடுப்பதாலும் ஆகுமா? 1977இல் பிரிட்டனில் இரு மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது, நாடி பிடிப்பது போன்ற ‘சுத்தமான’ வேலைகளுக்குப் பிறகும் தாதியரின் கைகளில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி நூற்றுக்கணக்கில் இருந்தது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற கை சுத்தமான கை அல்ல என்பதற்கு இது முக்கியமான சான்று.

‘சான்று’ என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்று தாதியர் கல்லூரிகளில் ‘சான்று சார்ந்த தாதிமை’ ஒரு பாடம். மூத்தவர்கள் செய்தார்கள், அதனால் நாமும் செய்கிறோம் என்று நிற்காமல் இது பலன் தருகிறதா, எப்படித் தெரியும் என்று கேட்பதுதான் அதன் சாரம். முதலில் கேள்வியைத் தெளிவாக வைக்க வேண்டும். பிறகு அதுபற்றிய ஆய்வுகளைத் தேடி, அவை நம்பத்தக்கவையா என்று சலித்துப் பார்க்க வேண்டும். அதன்பின் தன் அனுபவத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் சேர்த்து முடிவெடுத்து, கடைசியில் பலனை அளந்து பார்க்க வேண்டும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊரில் கண்டுபிடித்து இறக்குமதியான சங்கதி என்று எண்ண வேண்டாம். இந்தச் சிந்தனையின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று கோலாலம்பூரிலேயே நடந்தது. அதில் நம் தோட்டப் பாட்டாளிகளின் சாப்பாட்டுத் தட்டுக்கும் பங்கு உண்டு.

1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, நடை தளர்ந்து, இருதயம் நின்றுவிடும். காரணம் கிருமியா, ஈரமா, அரிசியா என்று யாருக்கும் தெரியவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். வெள்ளையாகத் தீட்டிய சயாம் அரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் கடுமையாக வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. ஆனால் கவனித்ததை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. தமிழருக்கும் சீனருக்கும் வேலை, வீடு, பழக்கம் என்று எத்தனையோ வேறுபாடுகள் இருந்தன.

1905 டிசம்பர் 5ஆம் தேதி டாக்டர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டில், இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர் வார்டில். சாப்பாடு ஒன்றுதான், அரிசி மட்டும் வேறு. ஒரு பக்கம் தீட்டிய அரிசி, மறுபக்கம் புழுங்கல் அரிசி. ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது தீட்டிய அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் அந்நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. 1907இல் லண்டனின் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியை ஒட்டியுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது.

அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மாற்றி, எண்ணிப் பார்ப்பது என்ற முறை நிலைத்துவிட்டது. தாதிமையிலும் இன்று அதே முறைதான்.

கை கழுவும் கதையும் எண்ணிக்கையில்தான் தொடங்கியது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் பல மடங்கு அதிகம். அங்கே சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம். மாணவர்கள் பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரசவ அறைக்கு வருவதை இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கவனித்தார். 1847 மே மாத நடுவில் குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டே உள்ளே வர வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த மரணம் ஜூனில் 2.2 விழுக்காடாகவும் ஜூலையில் 1.2 விழுக்காடாகவும் இறங்கியது.

அவரைப் பாராட்ட ஆளில்லை. மருத்துவர்களின் கையா கொலை செய்கிறது என்று சக மருத்துவர்கள் ஆத்திரப்பட்டார்கள். 1865இல் அவர் மனநோய் விடுதியில் இறந்தார். சான்று இருந்தால் போதும், பழக்கம் தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை இன்னொரு முறை படிக்கலாம். ஏறக்குறைய அதே காலத்தில் கிரிமியப் போர் மருத்துவமனைகளில் பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், தாதியர் பகலில் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று எழுதினார். படைவீரர் மரணங்களைக் கணக்கிட்டு வரைபடமாக்கி அரசாங்கத்தை அசைத்தார். விளக்கேந்திய மாது என்று அவரை அறிந்த அளவுக்குப் புள்ளிவிவர நிபுணர் என்று நம்மில் பலர் அறிவதில்லை.

நம் காலத்துக்கு வந்தால், பெரிய மாற்றம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. 1994இல் அங்கே டாக்டர் டிடியே பித்தே குழுவினர் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களை நின்று எண்ணினார்கள். உண்மையில் செய்தது 48 விழுக்காடு. தாதியர் 52 விழுக்காடு, மருத்துவர்கள் 30 விழுக்காடு. வேலைப் பளு கூடக்கூட அளவு குறைந்தது. இதில்தான் முக்கியமான பாடம் இருந்தது: சோம்பல் அல்ல, நேரம். சவர்க்காரம் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 வினாடி. தொட்டிக்கு நடந்து போய்த் திரும்ப வேண்டும், கையைத் துடைக்க வேண்டும். 1997இல் வந்த ஒரு கணக்கீடு, 12 தாதியர் ஒரு பகல் ஷிப்டில் ஒரு தடவை விடாமல் கை கழுவினால் மொத்தம் 16 மணி நேரம் அதற்கே போய்விடும் என்றது. கட்டிலருகே மதுசாரக் கரைசல் வைத்துத் தேய்த்தால் 3 மணி நேரம் போதும்.

ஜெனீவாவில் ஒவ்வொரு கட்டிலிலும் புட்டி தொங்கவிட்டார்கள். சுவரொட்டிகள் ஒட்டினார்கள், நிர்வாகமும் பின்னால் நின்றது. 1997இல் கைத்தூய்மை 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 1994இல் 16.9 விழுக்காடாக இருந்தது, 1998இல் 9.9 விழுக்காடாகக் குறைந்தது. நம் வார்டுகளில் கால்மாட்டில் தொங்கும் புட்டியின் பிறப்பிடம் அதுதான். 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை உலக இயக்கமாக்கியது. 2009 முதல் மே 5ஆம் தேதி கைத்தூய்மை நாள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி, இரு கைகளின் ஐந்து ஐந்து விரல்கள்.

தாதியர் மனப்பாடமாகச் சொல்லும் ‘ஐந்து தருணங்கள்’ இங்கிருந்துதான் வந்தன. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி குத்துவது, கட்டு மாற்றுவது, டிரிப் குழாயைத் திறப்பது போன்ற சுத்தமான வேலைகளுக்குச் சற்று முன். இரத்தம், சிறுநீர், சளி பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். நோயாளியைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, போர்வையைத் தொட்ட பின். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் இரண்டும் நோயாளியைக் காப்பவை. கடைசி மூன்றும் தாதியையும் அடுத்த கட்டிலில் இருப்பவரையும் காப்பவை. தன் கை அழுக்கானதாக உணரும்போது கழுவுவது மனித இயல்பு. தொடுவதற்கு முன் கழுவுவதுதான் பழக வேண்டிய ஒன்று.

கையுறை போட்டிருக்கிறாரே, பிறகென்ன? இந்தக் கேள்வி வார்டில் அடிக்கடி எழும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போது வெளிப்பக்கத்து அழுக்கு கையில் படும். ஆகவே போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கை சுத்தம் தேவை. ஒரே கையுறையோடு கட்டிலுக்குக் கட்டில் போவது வெறுங்கையைவிட மோசம், ஏனென்றால் போட்டிருப்பவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு இருக்கும்.

கைத்தூய்மி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ இரத்தமோ இருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துகளை மதுசாரம் கொல்வதில்லை. நம் நாட்டில் பாலர் பள்ளிகளை அவ்வப்போது மூடவைக்கும் கை, கால், வாய்ப் புண் நோயின் கிருமிகளும் மதுசாரத்துக்கு எளிதில் பணிவதில்லை. குழந்தைக்கு அரைத்துணி மாற்றிய பின் கைத்தூய்மியை மட்டும் நம்பும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மற்றபடி சாதாரணத் தொடுதலுக்குக் கைத்தூய்மி வேகமானது, தோலையும் குறைவாகவே வறட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு அடிக்கடி வரும் தண்ணீர்த் தடை நாள்களில் அதன் அருமை தனி.

எப்படித் தேய்ப்பது என்பதிலும் சான்று உண்டு. அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள் கட்டைவிரல், விரல்நுனி, விரல் இடுக்கு என்று 1978இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. நாடி பார்ப்பதும் ஊசி பிடிப்பதும் அந்த விரல்நுனிதான். ஆறு படிகளாகத் தேய்க்கும் முறை மூன்று படி முறையைவிடக் கிருமியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்று 2016இல் கிளாஸ்கோ ஆய்வு சொன்னது. ஆனால் வழிமுறைப் படத்தைக் கண் முன் வைத்திருந்தும் ஆறு படிகளையும் முழுதாக முடித்தவர்கள் 65 விழுக்காட்டினர்தான்.

நகை விஷயம் நம் வீட்டுப் பெண்களுக்கு நெருக்கமானது. மோதிரத்துக்கு அடியிலுள்ள தோலில் கிருமி அதிகம் தங்குகிறது என்பது நிரூபணமான ஒன்று. நகம் அரை சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்க வேண்டும், ஒட்டு நகம் கூடவே கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1990களின் இறுதியில் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் சூடோமோனாஸ் தொற்று பரவி 46 குழந்தைகள் பாதிக்கப்பட்டு 16 பேர் இறந்தனர். நீண்ட நகமும் ஒட்டு நகமும் வைத்திருந்த தாதியரோடு அதற்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று விசாரணை சுட்டியது. கோயிலில் கட்டிய கயிறு, வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பொறுத்தவரை, மணிக்கட்டைக் கழுவத் தடையாக இருப்பதே பெரிய குறை. தாதியர் அவற்றை வார்டில் கழற்றிவைப்பது சாமிக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

சான்று வந்து பழக்கத்தை மாற்றிய வேறு சிலவும் உண்டு. அறுவைக்கு முன் பிளேடால் முடி மழிப்பது சுத்தம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. பிளேடு தோலில் போடும் நுண்ணிய கீறல் தொற்றைக் கூட்டுகிறது என்று தெரிந்த பின் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் கத்தரிக்கும் கருவியால் என்றாகிவிட்டது. படுக்கைப் புண் வரும் எலும்பு மேடுகளைத் தேய்த்துவிடும் வழக்கமும் கைவிடப்பட்டது. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் செய்ததைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு இவை வியப்பாக இருக்கும். அன்று கிடைத்த அறிவைக்கொண்டு அவர்கள் செய்தார்கள்.

மலேசியாவில் 2013இல் அறிமுகமான நோயாளி பாதுகாப்பு இலக்குகள் 13இல் இரண்டாவது இடம் இந்தத் தூய்மைக்குத் தரப்பட்டிருந்தது. ஒவ்வொரு தணிக்கையிலும் குறைந்தது 75 விழுக்காடு கைத்தூய்மை இருக்க வேண்டும் என்பது அன்றைய அளவுகோல். ஒருவர் குறிப்பேட்டோடு நின்று, எத்தனை தருணம், எத்தனை முறை செய்தார்கள் என்று குறிப்பார். இதில் ஒரு சிக்கல். யாராவது பார்க்கும்போது எல்லாரும் ஒழுங்காக இருப்பார்கள். 2014இல் வெளியான கனடா ஆய்வொன்று, தணிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கைத்தூய்மி பயன்பாடு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று மின்னணுக் கருவி வைத்துக் காட்டியது. ஆகவே சுவரில் ஒட்டியிருக்கும் 85, 90 என்ற எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். தாதியரைக் குறை சொல்லவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆள் பற்றாத வார்டில் ஒரு தாதி எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

யார் யாருக்கு ஞாபகப்படுத்துவது என்பதுதான் இன்னும் கடினமான கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மத்திய இரத்தக்குழாய் பொருத்தும்போது கை கழுவுவது உட்பட ஐந்து செயல்களைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவர் ஒன்றைத் தவறவிட்டால் நிறுத்தும் அதிகாரம் தாதிக்குத் தரப்பட்டது. 2006இல் வெளியான முடிவின்படி 103 பிரிவுகளில் அந்தக் குழாய்த் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஐந்து செயல்களும் புதியவை அல்ல. ஒரு தாதி மருத்துவரைப் பார்த்து ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம் என்பதுதான் புதிது.

நோயாளியும் கேட்கலாம். கேட்கத் தயக்கம் இருப்பது இயல்பே. கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தாதியின் மனம் கோணக்கூடாதே என்ற பயம் இருக்கும். “மிஸ்ஸி, புண்ணைத் தொடுறதுக்கு முன்னாடி கையில மருந்து போட்டுக்கிட்டீங்களா?” என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கூட இருக்கும் மகளோ மருமகனோ கேட்டால் இன்னும் சுலபம். பார்க்க வருகிறவர்களுக்கும் விதி அதுதான்: உள்ளே வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை, ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போய் நலம் விசாரிப்பதானால் நடுவிலும் ஒரு முறை.

வீட்டுக்குத் திரும்பிய பின் தாதி வேலை குடும்பத்தின் தலையில் விழுகிறது. காலில் இனிப்பு நீர்ப் புண் இருந்தால், கட்டை அவிழ்க்குமுன் சாமான்களை எடுத்துவைத்துவிட்டுக் கை கழுவ வேண்டும். பழைய கட்டை எடுத்துப் பையில் போட்டு முடிச்சிட்டதும் மீண்டும் கழுவ வேண்டும். பெரும்பாலோர் விடுவது இந்த நடுக் கழுவலைத்தான். அதன் பிறகே புண்ணைச் சுத்தம் செய்து புதுக் கட்டுப் போடுவது, முடிந்ததும் இன்னொரு முறை கழுவுவது. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் புண்ணில் வேண்டாம். சிறுநீர்க் குழாய் உள்ளவர்களுக்குப் பையைக் காலி செய்யும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். டயாலிசிஸ் செல்பவர்கள் ஊசி போடும் கையை மையத்துக்குப் போனதும் தாங்களே சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது.

கடையில் கைத்தூய்மி வாங்குகிறவர்கள் மதுசார அளவு 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று புட்டியில் பார்த்து வாங்க வேண்டும். அது தீப்பிடிக்கும் பொருள். கையில் பூசியவுடன் அடுப்பைப் பற்றவைப்பதோ சாமிமேடை விளக்கை ஏற்றுவதோ கூடாது. கை நன்றாக உலர்ந்த பிறகே தீப்பெட்டியைத் தொட வேண்டும்.